நிலாவை ஒரு மாசம் முழுக்க தொடர்ந்து பார்க்குறது எப்படி: உதயம், மறைவு, பிறை எல்லாத்துக்கும் முழுமையான வழிகாட்டி

நிலா இன்னிக்கு எத்தனை மணிக்கு வரும்னு ஆப்ல தட்டினா உடனே தெரிஞ்சிடும். ஆனா நேத்து இருந்த இடத்துல இன்னிக்கு ஏன் இல்ல, சில நாள் ஏன் பட்டப்பகல்லயே தெரியுது, சில நாள் ராத்திரி பத்து மணி ஆகியும் ஏன் காணோம், இதெல்லாம் ஒரு மாசம் நாமளே பார்த்து எழுதினாதான் மண்டையில ஏறும். டெலஸ்கோப் வேண்டாம், பைனாகுலர் கூட வேண்டாம். வரிசைதான் முக்கியம். ஆர்வமா ஆரம்பிச்சு ஒரே வாரத்துல விட்டவங்க நிறைய பேரை பார்த்திருக்கேன், எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் விடுறாங்க, பௌர்ணமி அன்னிக்கு ஆசையா ஆரம்பிப்பாங்க, நாலாவது நாள் நிலா ஒன்பது ஒன்பதரைக்கு வரும், ஏழெட்டு நாள்ல நடுராத்திரிக்கு போயிடும், அதோட நோட்டும் மூடிடும். அதனால எந்த நாள் எந்த நேரத்துல பார்க்கணும்ங்கிற வரிசையிலயே எல்லாத்தையும் எழுதியிருக்கேன்.

இங்க சொல்ற நேரமும் உயரமும் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் பொருந்தும். லண்டன், டொரண்டோ பக்கம் இருக்கவங்க இதே வரிசையில பண்ணலாம், ஆனா அங்க நிலா ரொம்ப சாய்வா ஏறி இறங்கும், அதனால உயரக் கணக்கு அப்படியே வராது.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன வேணும்

ஒரு நோட்டு, ஒரு பென்சில், வீட்டு சுவத்துல தொங்குற தினசரி காலண்டர், நேரம் பார்க்க போன். இவ்வளவுதான் பொருள்.

அடுத்து இடம். மொட்டை மாடி இருந்தா நல்லது, கிழக்கும் மேற்கும் ஓரளவுக்காவது திறந்து இருக்கணும். ஒரே இடத்துலதான் தினமும் நிக்கணும், தொட்டிக்கு பக்கத்துல ஒரு நாள், படிக்கட்டு கிட்ட ஒரு நாள்னு மாறினா எதிர்வீட்டு தென்னை மரத்துக்கு இடதுபக்கம் இருந்த நிலா வலதுபக்கம் போன மாதிரி தெரியும், அது நிலா நகர்ந்ததா நீங்க நகர்ந்ததான்னு அப்புறம் சொல்லவே முடியாது. தரையில சாக்பீஸ்ல ஒரு குறி போட்டுடுங்க. கைப்பிடி சுவர் இல்லாத மாடின்னா ராத்திரியில வேண்டாம், தெருமுனையோ மைதானமோ பாருங்க.

திசை தெரிஞ்சிருக்கணும். போன் காம்பஸ் வெச்சு பார்க்கலாம், ஆனா மாடியில நீட்டிட்டு இருக்க கம்பி, இரும்பு ஏணி பக்கத்துல நின்னா அது தப்பா காட்டும், கொஞ்சம் தள்ளி நின்னு ரெண்டு மூணு தடவை பாருங்க. கிழக்கு, மேற்கு, தெற்கு மூணு பக்கமும் தெரியிற கட்டடம், டவர், மரம் எல்லாத்தையும் நோட்டுல முதல் பக்கத்துல கோட்டுப் படமா வரைஞ்சு வெச்சுக்கோங்க. மாசம் முழுக்க இந்தப் படத்தை வெச்சுத்தான் இடம் சொல்லப் போறீங்க.

மாசம் எதுன்னு கேட்டா தை, மாசி, பங்குனின்னு சொல்லுவேன். ஐப்பசி கார்த்திகையில மழை மேகம் பாதி நாளை தின்னுடும். தென்காசி, கம்பம் பக்கம் இருக்கவங்க ஆனி ஆடியையும் விட்டுடுங்க.

2. எந்த நாள் ஆரம்பிக்கணும்

அமாவாசைக்கு ரெண்டாவது நாள் சாயங்காலம். மூன்றாம் பிறை தெரியிற நேரம்.

காரணம் ரொம்ப எளிது. வளர்பிறை முழுக்க நிலா சாயங்காலமே வானத்துல இருக்கும், நீங்க முழிச்சிருக்க வேண்டியதே இல்ல, சாப்பாட்டுக்கு முன்னாடி மாடிக்கு போய் அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு வந்துடலாம். ரெண்டு வாரம் இப்படி பழகிட்டா கஷ்டமான தேய்பிறைக்குள்ள போகும்போது கை தானா நோட்டை எடுக்கும்.

உதாரணத்துக்கு 2026 பிப்ரவரி-மார்ச்சை எடுத்துக்கோங்க. பிப்ரவரி 17 அமாவாசை, மார்ச் 3 பௌர்ணமி, மார்ச் 19 காலையில அடுத்த அமாவாசை. இதுல பிப்ரவரி 19 சாயங்காலம் ஆரம்பிக்கிறதுதான் பாதுகாப்பு. 18ம் தேதியே மெல்லிசா தெரிய வாய்ப்பு உண்டு, ஆனா அடிவானம் சுத்தமா இருக்கணும், கண்ணு பழகியிருக்கணும். ரம்ஜான் பிறை தேடுறவங்களுக்கு இது நல்லா தெரியும், 29ம் நாள் சாயங்காலம் மேகம் கொஞ்சம் இருந்தாலும் பிறை அகப்படாது.

ஒரு எச்சரிக்கை. பிறை தேடுறேன்னு சூரியன் மறையறதுக்கு முன்னாடியே மேற்கை முறைச்சு பார்க்காதீங்க, பைனாகுலர் வெச்சு சுத்தமா கூடாது. சூரியன் முழுசா மறைஞ்சு கால் மணி நேரம் கழிச்சு தேடுங்க. அப்பதான் வானமும் கொஞ்சம் இருட்டும்.

3. கையால அளக்க பழகுங்க

கையை முழுசா நீட்டி ஒரு முஷ்டி பிடிச்சா அதோட அகலம் சுமார் 10 டிகிரி. நடு மூணு விரல் சேர்ந்தா 5 டிகிரி. சுண்டு விரல் 1 டிகிரி. சின்ன பசங்களுக்கு கையும் சின்னது, முஷ்டியும் சின்னது, அதனால அவங்களுக்கும் இதே கணக்கு வரும்.

அடிவானத்துல இருந்து முஷ்டி மேல முஷ்டியா அடுக்கிட்டே போங்க, நிலா எத்தனை முஷ்டி உயரம்னு எழுதுங்க. நேர் உச்சி வரைக்கும் ஒன்பது முஷ்டி வரணும். எட்டோ பத்தோ வந்தா உங்க கைக்கு ஒரு முஷ்டி எவ்வளவு டிகிரின்னு திருத்திக்கோங்க.

புதுசா பார்க்குறவங்க இங்க பண்ற பெரிய தப்பு, முழங்கையை மடக்கி அளக்கறது. மடக்கினா முஷ்டி கண்ணுக்கு பெருசாகிடும், நாலு முஷ்டி உயரம் மூணுன்னு வரும். இன்னொண்ணு, எதிர்வீட்டு கூரையில இருந்து எண்ண ஆரம்பிக்கிறது. அடிவானம் மறைஞ்சிருந்தா உங்க கண் மட்டத்துல இருந்து எண்ணுங்க.

நிலாவோட அகலம் வெறும் அரை டிகிரிதான், நீட்டின கையோட சுண்டு விரல்ல பாதி. அடிவானத்துல வரும்போது பெருசா தெரியுதேன்னு தோணும், அப்பவும் சுண்டு விரலை வெச்சுப் பாருங்க, அதே பாதிதான். பெருசா தெரியிறது மனசோட வேலை.

4. முதல் பாதி: ஒரே நேரம், வேற வேற இடம்

தினமும் ஒரு நேரத்தை முடிவு பண்ணுங்க, 6.45ன்னு வெச்சுப்போம். பௌர்ணமி வரைக்கும் அதே 6.45. நேரம் மாறாம இருந்தாதான் இடம் எவ்வளவு மாறுதுன்னு பளிச்சுன்னு தெரியும், ரெண்டையும் சேர்த்து மாத்தினா எதுவுமே புரியாது.

தினமும் எழுத வேண்டியது: தேதி, நேரம், திசை, எத்தனை முஷ்டி, எந்த மரம் அல்லது கட்டடத்துக்கு மேல, வடிவம், வெளிச்சப் பக்கம் எந்தப் பக்கம் பார்த்திருக்கு, காலண்டர்ல போட்டிருக்க திதி. வடிவத்தை வரையுங்க, போட்டோ வேண்டாம். சாதாரண போன்ல நிலா வெள்ளை உருண்டையா தான் விழும், பிறை கூட வீங்கி தெரியும். பென்சில்ல வரையும்போது வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோடு நேரா இருக்கா, வளைஞ்சிருக்கான்னு கண்ணு தானா கவனிக்கும்.

முதல் நாள் பிறை மேற்குல ரெண்டு முஷ்டி உயரத்துல, நம்ம ஊர்ல பெரும்பாலும் கொம்பு ரெண்டும் மேல தூக்கி தோணி மாதிரி படுத்திருக்கும். பிறைக்குள்ள மிச்ச வட்டமும் மங்கலா தெரியுதான்னு பாருங்க, அது பூமியில பட்ட சூரிய வெளிச்சம் நிலாவுக்கு போய் திரும்பி வர்றது. அடுத்த நாள் அதே 6.45க்கு ஒரு முஷ்டிக்கு கொஞ்சம் மேலயே கிழக்கு பக்கமா நகர்ந்திருக்கும். சூரியன்கிட்ட இருந்து நிலா ஒரு நாளைக்கு சுமார் 12 டிகிரி விலகுது, அந்த 12 டிகிரிதான் ஒரு திதி. அஷ்டமி வாக்குல தலைக்கு மேல வந்து சரிபாதி தெரியும். அப்புறம் உச்சியை தாண்டி கிழக்கு பக்கம் இறங்க ஆரம்பிக்கும். நிலா பின்னாடி போகுதேன்னு இந்த இடத்துல எல்லாருமே கேட்பாங்க. ஒரே ராத்திரிக்குள்ள அது கிழக்குல இருந்து மேற்கா போறது பூமி சுத்துறதால, நாளுக்கு நாள் மேற்குல இருந்து கிழக்கா நகர்றது நிலா பூமியை சுத்துறதால. ரெண்டும் ஒண்ணா நடக்குது. நம்பிக்கை வரலன்னா ஒரே ராத்திரியில ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் ரெண்டு தடவை குறிச்சுப் பாருங்க.

இணையத்துல வலதுபக்கம் வெளிச்சமா இருந்தா வளர்பிறை, இடதுபக்கம்னா தேய்பிறைன்னு ஒரு சூத்திரம் சுத்துது. அது ஐரோப்பா, அமெரிக்கா பக்கத்துக்கு சரி. நம்ம ஊர்ல அதை நம்பாதீங்க. வளர்பிறை அரை நிலா மத்தியானம் கிழக்குல உதிக்கும்போது வெளிச்சப் பக்கம் மேல இருக்கும், நடுராத்திரி மேற்குல மறையும்போது கீழ இருக்கும். எங்க இருந்தாலும் பொய்க்காத விதி ஒண்ணுதான், வெளிச்சப் பக்கம் சூரியன் இருக்க பக்கத்தை பார்த்திருக்கும். வளர்பிறைன்னா மேற்கு, தேய்பிறைன்னா கிழக்கு.

மேகமா இருந்தா வெறுமனே விடாதீங்க, "மேகம்"னு எழுதுங்க. பிறகு பார்க்கும்போது நிலா இல்லாத நாளா, நீங்க போகாத நாளா, மேகமான்னு குழம்பும்.

5. தூங்கறதுக்கு முன்னாடியே மறையிற நேரத்தை கண்டுபிடிக்கிறது

வானம் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுத்துது, அதாவது ஒன்றரை முஷ்டி. நம்ம ஊர்ல நிலா கிட்டத்தட்ட நெட்டுக்குத்தா ஏறி இறங்கும், அதனால இந்தக் கணக்கு இங்க நல்லாவே வேலை செய்யும். மேற்குல மூணு முஷ்டி உயரத்துல 6.45க்கு பார்த்தீங்கன்னா இன்னும் ரெண்டு மணி நேரம், 8.45 வாக்குல மறையும். கிழக்குல மூணு முஷ்டி ஏறியிருந்தா ரெண்டு மணி நேரம் முன்னாடி உதிச்சிருக்கு. அஞ்சு முஷ்டி வரைக்கும் இதை நம்பலாம், அதுக்கு மேல போனா பிசகும், ஏன்னா நிலா எல்லா நாளும் நேர் உச்சி வழியா போறதில்ல, வடக்காவோ தெற்காவோ ஒதுங்கி போகும்.

ஆப்ல போடுற நேரம் தடுப்பே இல்லாத அடிவானத்துக்கு, கடல் மாதிரி சமமான இடத்துக்கு கணக்கு பண்ணது. உங்க கிழக்குல ஒரு முஷ்டி உயரத்துக்கு அபார்ட்மெண்ட் இருந்தா நிலா 40 நிமிஷம் தாமதமாதான் எட்டிப் பார்க்கும். ஆப் தப்பு, காலண்டர் தப்புன்னு சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு பிரச்சினை இந்த சுவர்தான்.

6. பௌர்ணமியை வடிவத்தை வெச்சு பிடிக்காதீங்க

பௌர்ணமிக்கு முந்தின நாளும் அடுத்த நாளும் 98, 99 சதவீதம் வெளிச்சமா இருக்கும், வெறும் கண்ணுக்கு மூணு நாளும் முழு நிலாதான். அதனால சூரியனை வெச்சு பிடிங்க.

முந்தின நாள் சூரியன் மறையறதுக்கு முன்னாடியே நிலா கிழக்குல ஏறி நிக்கும். அடுத்த நாள் சூரியன் மறைஞ்சு, இருட்டி, முக்கால் மணி நேரம் கழிச்சு வரும். ரெண்டுக்கும் நடுவுல, சூரியன் மறையிறதும் நிலா உதிக்கிறதும் எந்த நாள் ரொம்ப நெருக்கமா இருக்கோ அந்த நாள்தான். இதுக்காகவே சித்ரா பௌர்ணமி அன்னிக்கு கன்னியாகுமரியில கூட்டம் கூடுது, ஒரு பக்க கடல்ல சூரியன் இறங்க இன்னொரு பக்க கடல்ல நிலா ஏறும். வாய்ப்பு இருக்கவங்க ஒரு தடவையாவது போய் நின்னு பாருங்க, ரெண்டையும் ஒரே இடத்துல நின்னு பார்த்தாதான் நாம நடுவுல இருக்கோம்ங்கிறது உடம்புக்கே புரியும்.

7. பௌர்ணமிக்கு அப்புறம் நாலஞ்சு நாள்: ஒரே இடம், வேற வேற நேரம்

இப்ப முறையை திருப்பிப் போடணும். இனிமே 6.45க்கு மாடிக்கு போனா நிலா இருக்காது. கிழக்கு பார்த்து நின்னு, உங்க தடுப்புக்கு மேல நிலா முதல்ல தெரியிற நேரத்தை எழுதுங்க.

தினமும் சராசரியா 50 நிமிஷம் தள்ளிப்போகும், ஆனா நாளுக்கு நாள் மாறும், 40 நிமிஷமும் வரும், ஒரு மணி நேரமும் வரும். நிலாவோட பாதை நீள்வட்டம், பூமிக்கு கிட்ட வரும்போது வேகமா போகும், தூரமா இருக்கும்போது மெதுவா போகும், பாதை சாய்வா வேற இருக்கு. மேல சொன்ன 2026 உதாரணத்துல அமாவாசையில இருந்து பௌர்ணமிக்கு 14 நாள்தான், பௌர்ணமியில இருந்து அடுத்த அமாவாசைக்கு பதினஞ்சரை நாளுக்கு மேல. ரெண்டு பாதியும் சமமா இருக்கும்னு நினைக்காதீங்க.

பழைய நாழிகை கணக்கு இங்க ரொம்ப உதவும். ஒரு நாழிகை 24 நிமிஷம், ஒரு திதிக்கு ரெண்டு நாழிகை. தேய்பிறையில எத்தனாவது திதியோ அதை ரெண்டால பெருக்கி சூரியன் மறைஞ்ச நேரத்தோட கூட்டினா நிலா வர்ற நேரம், சூரியன் உதிச்ச நேரத்தோட கூட்டினா அது மறையிற நேரம். வளர்பிறையில அப்படியே தலைகீழ், சூரிய உதயத்தோட கூட்டினா நிலா உதயம், அஸ்தமனத்தோட கூட்டினா நிலா மறைவு. அரை மணி நேரம் முன்னப்பின்ன இருக்கலாம், சில நாள் முக்கால் மணி கூட ஆகும். சங்கடஹர சதுர்த்திக்கு நாலு திதி, எட்டு நாழிகை, மூணே கால் மணி நேரம். 6.15க்கு சூரியன் மறைஞ்சா ஒன்பது ஒன்பதரைக்குள்ள நிலா. விரதம் இருந்து நிலா பார்த்துட்டு சாப்பிடுறவங்க ஏன் ஒன்பது மணி வரைக்கும் காத்திருக்காங்கன்னு இப்ப தெரியும்.

8. பஞ்சமி, சஷ்டி வந்ததும் காலைக்கு மாறுங்க

நடுராத்திரி முழிக்காதீங்க. வீம்புக்கு ரெண்டு நாள் முழிச்சுட்டு மூணாவது நாள் மொத்தமா விட்டவங்கதான் அதிகம். காலையில 5.30ன்னு வெச்சுட்டு, அமாவாசைக்கு முந்தின நாள் வரைக்கும் அதே நேரம். மறுபடியும் ஒரே நேரம், வேற வேற இடம் முறைதான்.

5.30க்கு தேய்பிறை அஷ்டமி நிலா கிட்டத்தட்ட உச்சியில இருக்கும், வெளிச்சப் பக்கம் கிழக்கை பார்த்து. அங்கிருந்து தினமும் ஒரு முஷ்டிக்கு மேல கிழக்கா இறங்கும், சதுர்த்தசி அன்னிக்கு விடியிற இடத்துக்கு மேலயே நூல் மாதிரி நிக்கும். இந்த காலைப் பிறையை பார்த்தவங்க ரொம்ப கம்மி. எனக்கு மாசத்துலயே ரொம்ப பிடிச்ச நாலு நாள் இதுதான்.

இந்த நாட்கள்ல காலை எட்டு மணிக்கு பசங்களை ஸ்கூல் பஸ் ஏத்த போறப்பவும் மேற்கு பக்கம் பாருங்க, அரை நிலா வெள்ளையா தெரியும். ராத்திரி மட்டும்தான் நிலா இருக்கும்ங்கிற எண்ணம் அந்த இடத்துலயே போயிடும்.

9. தேதி, திதி குழப்பம்

இந்த ஒரு விஷயத்துலதான் நோட்டு எல்லாம் தப்பாகுது, நிதானமா படிங்க.

தினசரி காலண்டர்ல "சதுர்த்தி பகல் 2.10 வரை, பிறகு பஞ்சமி"ன்னு இருந்தா, சாயங்காலம் நீங்க பார்க்குறது பஞ்சமி நிலா. தாள்ல பெரிய எழுத்துல முதல்ல இருக்கதை எழுதிடாதீங்க. திதி நாளோட எந்த நேரத்துலயும் மாறும், சூரிய உதயத்துல எந்தத் திதி இருக்கோ அதைத்தான் முதல்ல போடுவாங்க. பழைய சூத்திரத்தை வெச்சு கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும், இப்ப வானத்துல இருக்க நிலைக்கு திருத்தி கணிக்கிற திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரலாம், வானத்தோட ஒப்பிட்டுப் பார்க்க திருக்கணிதம் எடுத்துக்கோங்க.

நடுராத்திரிக்கு அப்புறம் பார்த்தா போன்ல தேதி மாறியிருக்கும், நம்ம மனசுல இன்னும் நேத்து ராத்திரிதான். அதனால "10-11 இரவு, 12.25"ன்னு ரெண்டு தேதியும் சேர்த்து எழுதுங்க. ஆப்ல ஒரு தேதிக்கு நிலா உதயமே இல்லாம கோடு போட்டிருக்கும், பார்த்து பயப்படாதீங்க. 10ம் தேதி ராத்திரி 11.35க்கு உதிச்சா, அடுத்த உதயம் 24 மணி 50 நிமிஷம் கழிச்சு, அதாவது 12ம் தேதி 12.25க்கு. 11ம் தேதிக்கு உதயமே கிடையாது. தேய்பிறை அஷ்டமியை ஒட்டி மாசத்துக்கு ஒரு தடவை இப்படி வரும், வளர்பிறை அஷ்டமியை ஒட்டி மறைவு இல்லாத நாள் ஒண்ணு வரும்.

10. பக்கத்துல இருக்க நட்சத்திரத்தையும் எழுதுங்க

முதல் வாரத்துல இதை பண்ணாதீங்க, சுமை ஆகிடும். கை பழகினதும் நிலாவுக்கு பக்கத்துல பளிச்சுன்னு எதாவது தெரிஞ்சா குறிச்சுக்கோங்க. சிவப்பா ரோகிணி, கொத்தா கார்த்திகை, வெண்மையா மகம், சித்திரை, செம்மையா கேட்டை, இந்த அஞ்சும் டவுன்ல இருந்தே பார்க்கலாம், கார்த்திகைக்கு மட்டும் கொஞ்சம் இருட்டு வேணும்.

நிலா ஒரு நட்சத்திரத்துகிட்ட இருந்து கிளம்பி திரும்ப அதே நட்சத்திரத்துக்கு வர சுமார் 27.3 நாள். ஆனா அதே பிறை வர 29.5 நாள். அந்த இடைப்பட்ட நேரத்துல சூரியனும் நகர்ந்துடுது, நிலா அதை எட்டிப் பிடிக்க ரெண்டு நாளுக்கு மேல கூடுதலா ஓடணும். உங்க நோட்டுல ரோகிணி பக்கத்துல நிலா இருந்த ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா இடம் ஒண்ணு, வடிவம் வேறன்னு நேரா தெரியும். மாசம் 30, 31 நாள், நிலாவுக்கு 29.5தான்ங்கிறதால 2026 மே மாசத்துல 1ம் தேதியும் பௌர்ணமி, 31ம் தேதியும் பௌர்ணமி.

11. ஆப்போட ஒப்பிடறது கடைசியில

மாசம் முடிஞ்சதும் ஸ்டெல்லேரியம் மாதிரி வானத்தை காட்டுற ஆப் ஒண்ணை திறந்து, உங்க ஊரை சரியா வெச்சு, ஒவ்வொரு நாளா ஒப்பிடுங்க. ஊர் முக்கியம், சென்னையை விட கோயம்புத்தூர்ல நிலா சுமார் 13 நிமிஷம் தாமதமா உதிக்கும். முன்னாடியே ஆப் பார்த்துட்டு மாடிக்கு போனா, கண்ணு பார்த்ததை விட்டுட்டு ஆப் சொன்னதைத்தான் கை எழுதும்.

ஒரு முஷ்டிக்குள்ள வித்தியாசம் இருந்தா நல்ல நோட்டுதான். எல்லா நாளும் ஒரே பக்கமா, ஒரே அளவு தள்ளி இருந்தா உங்க முஷ்டி அளவையோ தடுப்பையோ திருத்துங்க. ஒரே ஒரு நாள் மட்டும் பெருசா தப்பினா முதல்ல தேதி எழுதினதை பாருங்க, பெரும்பாலும் நடுராத்திரி குழப்பம்தான்.

ரெண்டாவது மாசம் பண்றதா இருந்தா உதிக்கிற திசையை மட்டும் கூடுதலா கவனிங்க. ஒரே மாசத்துக்குள்ள நிலா உதிக்கிற இடம் வடகிழக்கு பக்கமும் தென்கிழக்கு பக்கமும் போயிட்டு வரும், சூரியன் ஒரு வருஷத்துல போயிட்டு வர்ற தூரத்தை இது ஒரே மாசத்துல போகும். மார்கழி பௌர்ணமி வடக்கா ஒதுங்கி உதிக்கும், ஆனி பௌர்ணமி தெற்கா. முதல் பக்கத்துல வரைஞ்ச கோட்டுப் படத்துல ஒவ்வொரு உதயத்துக்கும் ஒரு புள்ளி வெச்சுட்டே வந்தீங்கன்னா, அடுத்த சங்கடஹர சதுர்த்திக்கு நிலா எந்த மரத்துக்கு மேல, சுமார் எத்தனை மணிக்கு வரும்னு வீட்டுல இருக்கவங்களுக்கு முந்தின நாளே சொல்லிடலாம். சொல்லிட்டு, மறுநாள் போய் சரிபாருங்க.